உங்கள் செயலியை கேடிஇ சமூகத்தில் சேர்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸுக்கு ஒரு டெஸ்க்டாப் செயலி எழுதி, இணையத்தில் ஏற்றி, நண்பர்களுக்குச் சுட்டி அனுப்புவது வரை பலரும் செய்துவிடுகிறார்கள். அதையே ஒரு பெரிய கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் செயலியாக ஆக்க வேண்டும் என்றால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். கேடிஇ சமூகத்தில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். கேட் எடிட்டர், ஆவணம் படிக்கும் ஓகுலர், ஓவியம் வரையும் கிரிட்டா, வீடியோ தொகுக்கும் கேடென்லைவ் எல்லாம் இங்கிருந்து வருபவைதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செயலியை முழுசாக முடித்துவிட்டு, பளபளவென்று ஆக்கிவிட்டு, அப்புறம் கொண்டுபோகலாம் என்று காத்திருக்காதீர்கள். பாதி நிலையில் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். உரிமம், பெயர், மொழிபெயர்ப்புக்கான ஏற்பாடு, கட்டமைப்புக் கோப்புகள் ஆகியவற்றை ஆரம்பத்தில் சரியாக வைத்துக்கொள்ள ஒரு நாள் போதும். முப்பதாயிரம் வரி நிரல் சேர்ந்த பிறகு மாற்றினால் மாதக்கணக்கில் இழுக்கும். அதைவிட முக்கியமாக, கேடிஇ-க்கு உங்கள் நிரல் மட்டும் போதாது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

எந்த மாதிரி இடம் இது?

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் அறிவித்த திட்டமாகத் தொடங்கியது கேடிஇ. பெயர்களையும் பணத்தையும் சட்ட விஷயங்களையும் பார்த்துக்கொள்ள கேடிஇ ஈ.வி. என்ற பதிவுபெற்ற லாபநோக்கற்ற சங்கம் ஜெர்மனியில் இருக்கிறது. ஆனால் எந்தச் செயலியில் என்ன செய்வது என்று அந்தச் சங்கம் சொல்வதில்லை. வேலை செய்பவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள்.

சேருமுன் 2012-இல் வெளியான கேடிஇ மேனிஃபெஸ்டோவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இரண்டு பக்கம்கூட வராது. அதிலுள்ள வாக்குறுதிகளைத்தான் உங்கள் திட்டமும் ஏற்க வேண்டும். அதில் பலரைத் தயங்க வைப்பது பொது உடைமை. உங்கள் ரெப்போ, அதாவது நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம், கேடிஇ சர்வரில் இருக்கும். கேடிஇ டெவலப்பர் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதில் நேரடியாக மாற்றம் செய்ய முடியும். இதைக் கேட்டதும் சிலருக்குப் பயம் வரும். நடைமுறையில் யாரும் வந்து உங்கள் செயலியைத் தலைகீழாக்குவதில்லை. பெரிய மாற்றம் என்றால் பராமரிப்பாளரைக் கேட்டுத்தான் செய்வார்கள். கிடைக்கும் நன்மையோ பெரிது. ஒரு நூலகத்தின் பழைய ஃபங்ஷன் வழக்கொழிந்தால், அதை மாற்றியவரே ஐம்பது செயலிகளில் புகுந்து சரிசெய்துவிட்டுப் போவார். அந்த ஐம்பதில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கும்.

இந்தப் பொது உடைமை உங்களுக்கு ஒத்துவராது என்றால் கேடிஇ உங்களுக்கான இடமல்ல. அதில் தவறொன்றும் இல்லை. கேடிஇ-க்கு அடிப்படையான க்யூட்டி என்ற கருவித்தொகுப்பிலும் கேடிஇ நூலகங்களிலும் செயலி எழுதி, வெளியே தனியாகவே வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

முதல் படி: ஏற்கெனவே இருக்கிறதா?

எழுதத் தொடங்குமுன் கேடிஇ-யின் செயலிப் பட்டியலை ஒரு மணி நேரம் மேயுங்கள். வீட்டுப் புத்தகங்களைப் பட்டியலிட ஒரு செயலி எழுதும் எண்ணமா? டெல்லிக்கோ இருக்கிறது. நேரத்துக்கு நினைவூட்ட வேண்டுமா? கேஅலாரம் இருக்கிறது. அதற்காக ஒரே வேலைக்கு இரண்டு செயலிகள் இருக்கவே கூடாது என்று யாரும் தடுப்பதில்லை. கேட், கேரைட் என்று இரண்டு எடிட்டர்கள் பல வருடங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. ஆனால் “அது இருக்கும்போது இது எதற்கு?” என்று நிச்சயம் கேட்பார்கள். உங்கள் செயலி யாருக்கு, எந்த விதத்தில் வேறு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல வரவில்லை என்றால், இருக்கும் செயலியிலேயே உங்கள் வசதியைச் சேர்ப்பது மேல். அதன் பராமரிப்பாளர் சந்தோஷமாக வரவேற்பார்.

பெயரையும் இப்போதே பாருங்கள். வேறு மென்பொருளோ வணிக முத்திரையோ அந்தப் பெயரில் இருக்கக் கூடாது. ‘கே’ எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. புதிய செயலிகள் பல அதை விட்டுவிட்டன.

இரண்டாம் படி: முதலில் மற்றவர் செயலியில் கை வையுங்கள்

இதை எந்த விதியும் கட்டாயமாக்கவில்லை. ஆனால் நான் யாருக்கு வழி சொன்னாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். கேடிஇ-யின் ரெப்போக்கள் எல்லாம் 2020 முதல் இன்வென்ட் என்ற அவர்களுடைய சொந்த கிட்லேப் தளத்தில் இருக்கின்றன. அங்கே கணக்கு தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டாம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியில் உங்களை உறுத்தும் சின்ன வழு ஒன்றை எடுத்து, சரிசெய்து, மெர்ஜ் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கை) போடுங்கள்.

இதில் நீங்கள் கற்பது நிறைய. கேடிஇ-பில்டர் கருவியால் செயலியையும் அதன் நூலகங்களையும் உங்கள் கணினியிலேயே உருவாக்கப் பழகுவீர்கள். கமிட் செய்தியில், அதாவது மாற்றத்தோடு எழுதும் குறிப்பில், பக் என்று பெரிய எழுத்தில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, வழு எண்ணைக் கொடுத்தால் இணைத்தவுடன் வழுப் பதிவேடான பக்ஸில்லாவில் அந்த வழு தானாக மூடிக்கொள்ளும் என்பது போன்ற வழக்கங்கள் கைக்கு வரும். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். மேட்ரிக்ஸ் அரட்டை அறைகளில் உங்கள் பெயர் நான்கு பேருக்குப் பழகும்.

டெவலப்பர் கணக்கு வாங்கும்போது இது நேரடியாகவே உதவும். ஏற்கெனவே டெவலப்பராக இருக்கும் ஒருவர் உங்களுக்காகப் பரிந்து சொல்ல வேண்டும். உங்கள் சில மாற்றங்களைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவரே பெரும்பாலும் “கணக்குக்கு விண்ணப்பியுங்களேன், என் பெயரைக் கொடுங்கள்” என்று சொல்லிவிடுவார்.

மூன்றாம் படி: அடித்தளத்தை அவர்கள் வழக்கப்படி போடுங்கள்

புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் வெற்றுக் கோப்பில் தொடங்க வேண்டாம். வார்ப்புருக்கள் தரும் கேஆப்டெம்ப்ளேட் கருவியில், கேடிஇ-யின் இடைமுக நூலகமான கிரிகாமியில் எழுதும் செயலிக்கான வார்ப்புரு இருக்கிறது. நிரலைக் கட்டமைக்கும் சிமேக் கோப்பு, அதற்கான கேடிஇ துணைத்தொகுப்பான எக்ஸ்ட்ரா சிமேக் மாட்யூல்ஸ், கோப்புறை அமைப்பு எல்லாம் அதில் தயாராக இருக்கும். கைபேசியிலும் ஓட வேண்டும் என்றால் கிரிகாமி நல்ல தேர்வு. மெனுவும் கருவிப்பட்டையும் நிறைந்த கனமான டெஸ்க்டாப் செயலி என்றால் க்யூட்டி விட்ஜெட்ஸ் இன்னமும் உறுதியான தேர்வுதான். 2024 பிப்ரவரி 28-இல் கேடிஇ-யின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 6-உடன் அதன் நூலகத் தொகுப்பான ஃபிரேம்வொர்க்ஸ் 6 வந்துவிட்டது. இரண்டும் க்யூட்டி 6-ஐ அடிப்படையாகக் கொண்டவை, ஆகவே புதிய செயலியை க்யூட்டி 6-இல்தான் எழுத வேண்டும். 5-இல் தொடங்காதீர்கள்.

இந்தப் படியில் மூன்று விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதிப்பாய்வில் அடிக்கடி மாட்டுபவை இவைதான்.

ஒன்று, உரிமம். கேடிஇ-க்கு எழுதப்பட்ட உரிமக் கொள்கை இருக்கிறது. பொதுவாகச் செயலிக்கு ஜிபிஎல், மற்றவர்கள் எடுத்தாளும் நூலகத்துக்கு எல்ஜிபிஎல், பிஎஸ்டி, எம்ஐடி. படங்களுக்கும் ஒலிகளுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0. ரெப்போவின் வாசலில் ஒரே ஒரு உரிமக் கோப்பை வைத்தால் போதாது. ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் முறைப்படி ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது உரிமக்குறிப்பு வடிவில் இரண்டு வரி இருக்க வேண்டும். பதிப்புரிமை யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு வரி, எந்த உரிமம் என்று இன்னொரு வரி. ரீயூஸ் லின்ட் என்ற கருவியை ஓட்டினால் எந்தக் கோப்பில் வரி விடுபட்டிருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியல் காலியாகும் வரை விடாதீர்கள்.

இணையத்தில் எங்கோ கிடைத்த ஐகானையோ, யாரோ எழுதிவைத்த நிரல் துண்டையோ எடுத்துப் போட்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று இந்த வேளையில்தான் தேட வேண்டியிருக்கும். மூலம் தெரியாத எதையும் முதல் நாளிலிருந்தே உள்ளே விடாதீர்கள். செயலிக்கு ஏற்கெனவே பத்துப் பேர் பங்களித்திருந்து, பின்னால் உரிமத்தை மாற்ற நினைத்தால் அந்தப் பத்துப் பேரின் சம்மதமும் வேண்டும். அதில் ஒருவர் மின்னஞ்சலுக்குப் பதில் போடாவிட்டால், அவர் எழுதிய பகுதியைத் திருப்பி எழுதுவதைத் தவிர வழியில்லை.

இரண்டு, அடையாளம். கேடிஇ செயலிகளின் முழுப் பெயர் ‘ஆர்க் புள்ளி கேடிஇ புள்ளி செயலியின் பெயர்’ என்று அமையும். மெனுவில் செயலியைக் காட்டும் டெஸ்க்டாப் கோப்பு, செயலியை விவரிக்கும் ஆப்ஸ்ட்ரீம் மெட்டாஇன்ஃபோ கோப்பு, ஐகான், எந்த லினக்ஸிலும் நிறுவத்தக்க ஃபிளாட்பேக் பொதி எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் இதே பெயர் வர வேண்டும். சாளரங்களைத் திரையில் காட்டும் வேலேண்ட் முறையில் ஒரு சாளரத்தின் ஐகான் பொதுவாக நேராகச் செயலியிலிருந்து வருவதில்லை. செயலி சொல்லும் பெயரை வைத்து அந்தப் பெயருள்ள டெஸ்க்டாப் கோப்பைத் தேடித்தான் எடுக்கப்படுகிறது. பெயர் பொருந்தாவிட்டால் பணிப்பட்டையில் உங்கள் ஐகானுக்குப் பதில் மஞ்சள் நிற வேலேண்ட் முத்திரை வந்து நிற்கும். அதைப் பார்த்தால் வேறெங்கும் தேடாமல் நேராகப் பெயரைச் சரிபாருங்கள்.

மெட்டாஇன்ஃபோ கோப்பை ஒரு சடங்காக நினைத்து இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். கேடிஇ-யின் மென்பொருள் நிறுவியான டிஸ்கவர், ஃபிளாட்பேக் செயலிகளின் இணையக் கடையான ஃபிளாட்ஹப் இரண்டும் உங்கள் செயலியைப் பற்றிக் காட்டும் விவரம், திரைப்பிடிப்பு, பதிப்பு வரலாறு எல்லாமே அதிலிருந்துதான் போகிறது. பயனர் முதலில் படிப்பது நீங்கள் அங்கே எழுதியதைத்தான்.

மூன்று, மொழிபெயர்ப்பு. தமிழ்ப் பயனர்களுக்காகவாவது இதில் கூடுதல் அக்கறை எடுக்க வேண்டும் என்பேன். திரையில் வரும் ஒவ்வொரு சொல்லும் கேஐ18என் நூலகத்தின் ஃபங்ஷன்கள் வழியாக வர வேண்டும். வாக்கியத்தைத் துண்டு துண்டாக உடைத்து நிரலில் ஒட்டுவது கூடவே கூடாது. “நகலெடுக்கிறது” என்பதற்கான சொல், பிறகு கோப்பின் பெயர், பிறகு “இந்த இடத்துக்கு” என்பதற்கான சொல், பிறகு கோப்புறையின் பெயர் என்று தனித்தனியாகக் கூட்டினால் ஆங்கிலத்தில் சரியாக வரும். தமிழில் வினை கடைசியில் வர வேண்டும். துண்டுகளின் வரிசை நிரலுக்குள்ளேயே உறைந்துவிட்டதால் மொழிபெயர்ப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். முழு வாக்கியத்தையும் ஒரே சரமாகக் கொடுத்து, பெயர்கள் வரும் இடத்தில் எண்ணிட்ட இடக்குறிகளை வையுங்கள். ஒற்றைச் சொல் பொத்தான்களுக்கு, அது என்ன பொத்தான், எங்கே வருகிறது என்று சூழல் குறிப்பு சேர்க்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். ஒருமை, பன்மைக்கும் தனி ஃபங்ஷன் இருக்கிறது.

மெசேஜஸ் என்ற சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டையும் ரெப்போவில் வைக்க வேண்டும். ஸ்கிரிப்டி என்ற தானியங்கி இரவுதோறும் அதை ஓட்டி, உங்கள் சரங்களைத் திரட்டி மொழிக்குழுக்களிடம் சேர்த்துவிடும். இதற்காக நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ் உட்பட எல்லா மொழிக்குழுக்களும் அவரவர் வேகத்தில் மொழிபெயர்ப்பார்கள். முடிந்ததும் உங்கள் ரெப்போவுக்கே அது வந்து சேரும்.

இந்த ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எக்ஸ்-டெஸ்ட் என்று ஒரு போலி மொழி வைத்திருக்கிறார்கள். அதில் செயலியை ஓட்டினால் மொழிபெயர்ப்புக்குத் தயாரான சொற்களின் இருபுறமும் எக்ஸ் எழுத்துகள் தெரியும். எக்ஸ் இல்லாமல் வெறுமனே நிற்கும் சொல்தான் நீங்கள் தவறவிட்டது. கூடவே தமிழிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நம் சொற்கள் நீளம், எழுத்துகள் உயரம். அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் கட்டிப்போட்ட பொத்தான்களும் வரிசைகளும் அப்போது பல்லைக் காட்டிவிடும்.

நான்காம் படி: ரெப்போ எங்கே இருக்கும்?

புதிய செயலியை முதலில் இன்வென்டில் உங்கள் சொந்தப் பெயரின் கீழ் வைத்துக்கொள்ளலாம். அதற்கு டெவலப்பர் கணக்குகூடத் தேவையில்லை. ஓரளவு உருப்பெற்றதும் விளையாட்டு, கல்வி, மல்டிமீடியா, யூட்டிலிட்டீஸ் போன்ற பொருத்தமான பிரிவுக்கு நகர்த்தச் சொல்லி சிஸ்டம் நிர்வாகிகளிடம் கோரிக்கை வைக்க வேண்டும். அதுமுதல் அது கேடிஇ-யின் ரெப்போ. மொழிபெயர்ப்புத் தானியங்கி, தானியங்கிச் சோதனைகள், பக்ஸில்லாவில் தனிப் பகுதி எல்லாம் இதையொட்டி வரும். சோதனைகளுக்கு இரண்டு சின்ன அமைப்புக் கோப்புகளைச் சேர்த்தால் போதும். லினக்ஸோடு நிறுத்தாமல் ஃப்ரீபிஎஸ்டி, விண்டோஸ் ஆகியவற்றிலும் உங்கள் செயலி கம்பைல் ஆகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் பார்த்துச் சொல்லிவிடும். தனியாளாக இருந்தால் இதற்கெல்லாம் கணினி வாங்கி வைக்க முடியுமா?

வேறு இடத்தில் ஏற்கெனவே வளர்ந்த செயலி என்றால் கதை கொஞ்சம் வேறு. அதற்கு இன்குபேட்டர் என்ற வழி இருக்கிறது. கேடிஇ-யில் பழகிய ஒருவர் உங்கள் திட்டத்துக்கு ஸ்பான்சராக நின்று, கையைப் பிடித்து அழைத்துப்போவார். திட்டத்துக்குத் தெளிவான நோக்கம் இருக்கிறதா, மேனிஃபெஸ்டோவை ஏற்கிறதா, ஒருவருக்கு மேல் வேலை செய்கிறார்களா, இணைய முகவரியும் பெயரும் ஒருவரோடு முடங்கிவிடாமல் இருக்க ஏற்பாடு உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுத் தொகுப்பான ஜிகாம்ப்ரி இப்படி வந்ததுதான். 2000-இல் ஜிடிகே என்ற வேறு கருவித்தொகுப்பில் தொடங்கிய அந்தத் தொகுப்பு, 2014-இல் க்யூட்டி குயிக்கில் புதிதாக எழுதப்பட்டு கேடிஇ-க்கு வந்தது. உங்கள் செயலி அந்த அளவு மாற வேண்டியதில்லை. ஆனால் மாறவே மாட்டேன் என்றால் வருவதில் அர்த்தமில்லை.

ஸ்பான்சரைத் தேடும்போது பொத்தாம்பொதுவாக “யாராவது உதவுங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. உங்கள் செயலிக்குப் பக்கத்துத் துறையில் வேலை செய்பவரைப் பாருங்கள். வீடியோ செயலி என்றால் மல்டிமீடியா பிரிவில் எழுதுபவர், அறிவியல் செயலி என்றால் கல்விப் பிரிவில் எழுதுபவர். அவர் ஏற்கெனவே உங்கள் செயலியைப் பயன்படுத்துபவராகவே இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: மதிப்பாய்வு

முதல் நிலையான வெளியீட்டுக்கு முன் உங்கள் செயலி கேடிஇ ரிவ்யூ என்ற கட்டத்தைக் கடக்க வேண்டும். “இதோ என் செயலி, இந்த வேலையைச் செய்கிறது, இந்தப் பிரிவில் வெளியாக வேண்டும், பாருங்கள்” என்று மைய டெவலப்பர்களுக்கு அறிவிப்பீர்கள். குறைந்தது இரண்டு வாரம் அது எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். தேர்வுக்குழு என்று தனியாக ஒன்றும் கிடையாது. விருப்பமுள்ளவர்கள் எடுத்து, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்து, கருத்துச் சொல்வார்கள்.

வரும் கருத்துகள் பலவிதம். “இந்தக் கோப்பில் உரிம வரி இல்லை”, “இந்தச் சரத்துக்குச் சூழல் குறிப்பு வேண்டும்”, “விசைப்பலகையால் இந்தப் பட்டியலுக்குள் போக முடியவில்லை”, “இருண்ட வண்ணத்தில் இந்த எழுத்து தெரியவில்லை” என்ற ரகம் எல்லாம் கட்டாயம் திருத்த வேண்டியவை. அன்றே திருத்திவிட்டு அன்றே பதில் போடுங்கள். நீங்கள் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. “இந்த வசதியும் இருந்தால் நன்றாக இருக்கும்” என்ற ரகத்துக்கு நன்றி சொல்லிக் குறித்துவைத்துக்கொண்டால் போதும். வெளியீட்டை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தோற்றம் பற்றிக் கருத்து வந்தால் வாதாடுவதைவிட விஷுவல் டிசைன் குழுவின் அரட்டை அறைக்கு ஒரு திரைப்பிடிப்போடு போங்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள்.

சில சமயம் யாரும் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு வேலைகளில் மூழ்கியிருப்பார்கள். ஒரு வாரம் கழித்து, எதைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மறுபடி கேளுங்கள். இரண்டு வாரத்தில் பெரிய ஆட்சேபம் எதுவும் நிலுவையில் இல்லை என்றால் செயலி தேறிவிட்டது.

ஆறாம் படி: வெளியீடு

இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது கேடிஇ கியர். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என வருடத்துக்கு மூன்று முறை வெளியாகும் பெரிய தொகுப்பு அது. நடுவில் மாதாமாதம் வழுத்திருத்தப் பதிப்புகளும் வரும். தொகுப்பதையும் கையொப்பமிடுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பங்கு, அவர்கள் கால அட்டவணைக்குள் வேலையை முடிப்பது. சரங்களை மாற்றக் கூடாத நாள் வந்துவிட்டால் ஒரு சொல்லைக்கூட இஷ்டத்துக்குத் தொடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

இரண்டாவது, நீங்களே வெளியிடுவது. கிரிட்டா தன் சொந்த வேகத்தில்தான் வருகிறது. புதிய செயலி வேகமாக மாறிக்கொண்டிருக்கும் என்பதால் முதல் ஒரு வருடம் தனியாக வெளியிட்டு, நிலைபெற்ற பிறகு கியருக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் மூலத் தொகுப்பை உருவாக்கி, உங்கள் ஜிபிஜி மறையாக்கச் சாவியால் கையொப்பமிட்டு, சர்வரில் ஏற்றி, நிர்வாகிகளிடம் சொல்லி வெளியிடுவது எல்லாம் உங்கள் தலையில்தான்.

எந்த வழியாக இருந்தாலும் ஃபிளாட்பேக் தயார் செய்துவிடுங்கள். டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வழங்கல்கள்) உங்கள் செயலியை எடுத்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம். ஃபிளாட்ஹப்பில் இருந்தால் எந்த லினக்ஸ் பயனரும் அன்றே நிறுவிவிடுவார். கேடிஇ-க்கான ரன்டைம் (பொது நூலகத் தொகுப்பு) அங்கே ஏற்கெனவே இருப்பதால், ஃபிளாட்பேக்கை உருவாக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பு சிறியதாகவே இருக்கும்.

அதன் பிறகு

வெளியான முதல் மாதம் வழு அறிக்கைகள் கொட்டும். எல்லாவற்றையும் உடனே சரிசெய்ய முடியாது, யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பதிலாவது போடுங்கள். மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்பியவரை வாரக்கணக்கில் காக்க வைக்காதீர்கள். அடுத்த பராமரிப்பாளர் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வரப்போகிறார். இரண்டு மூன்று நல்ல மாற்றங்கள் அனுப்பியவரை டெவலப்பர் கணக்குக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, இந்த முறை நீங்கள் பரிந்து சொல்லுங்கள்.

வேலை மாறலாம், குழந்தை பிறக்கலாம், ஆர்வமே வேறு பக்கம் போகலாம். அப்படி ஒதுங்க வேண்டி வந்தால் மௌனமாகக் காணாமல் போகாமல் சமூகத்திடம் சொல்லிவிடுங்கள். யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால், இன்னும் இணைக்காத கிளைகளில் என்ன இருக்கிறது, எந்த வழு ஏன் நிலுவையில் இருக்கிறது என்று ரெப்போவிலேயே எழுதிவைத்துக் கொடுங்கள். யாரும் வராவிட்டால் பராமரிப்பு இல்லாதவை என்ற பகுதிக்குச் செயலி நகரும். நிரல், வரலாறு, மொழிபெயர்ப்புகள் அனைத்தும் அங்கே பத்திரமாக இருக்கும். எப்போதாவது ஒருவர் எடுக்க நினைத்தால், மறுபடி மதிப்பாய்வு வழியாகவே உள்ளே கொண்டுவரலாம்.